ஊர்விலக்கும் இணையத் துண்டிப்பும்: புகாரே தீர்ப்பாகும் சட்டங்களின் கதை

கம்பம் பள்ளத்தாக்கில் ஊர்விலக்கு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடையில் சாமான் கிடையாது. தோட்டத்தில் வேலை கிடையாது. பொதுப் பாதையில் நடக்க முடியாது. ஒருவர் மேல் புகார், ஆனால் தண்டனை அவர் பிறந்த தெரு முழுவதற்கும். அவர் என்ன செய்தார், செய்தாரா இல்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. புகார் சொன்னவர் யார் என்பதே போதும், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இந்தக் கட்டுரை இணையத்தைப் பற்றியது. 'பதிப்புரிமையை மீறிப் படமோ பாட்டோ புத்தகமோ இறக்கிக்கொண்டார் என்று ஒரு வீட்டின் மேல் புகார் வந்தால், அந்த வீட்டின் இணைய இணைப்பையே அறுத்துவிடலாம்' என்ற சட்டம் உலகின் சில நாடுகளில் வந்தது. சில நாடுகளில் வரப்பார்த்து மக்கள் எதிர்ப்பால் நின்றது. இந்தியாவில் இன்று அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் அதற்குத் தேவையான பாகங்கள் தனித்தனியாகச் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் முக்கியமான சில பாகங்கள் நம் தமிழ்நாட்டில் செய்யப்பட்டவை. சினிமாக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் இடையிலான சண்டை இது, நமக்கென்ன என்று இளம் தோழர்கள் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அம்பேத்கர் குற்றமாக்கச் சொன்ன ஒன்று

1930இல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. அதன் சிறுபான்மையினர் துணைக்குழுவிடம் அண்ணல் அம்பேத்கரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேண்டிய அரசியல் பாதுகாப்புகள் அதில் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்று, சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பது. அதற்கான சட்ட வாசகத்தையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். 1922ஆம் ஆண்டின் பர்மா புறக்கணிப்புத் தடைச் சட்டத்திலிருந்து சிறு மாற்றங்களோடு எடுத்துக்கொண்ட வாசகம் அது.

அடியும் உதையும் இருக்கும்போது புறக்கணிப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அம்பேத்கரின் விளக்கம் தெளிவானது. வெளிப்படையான வன்முறையைவிடப் புறக்கணிப்பு ஆழமாகக் கொல்லும். ஏனென்றால் அது சட்டபூர்வமான செயல் போலத் தோற்றம் தருகிறது. 'என் கடை, நான் விற்க மாட்டேன். என் நிலம், நான் வேலை தர மாட்டேன்.' இதில் எங்கே குற்றம் என்று கேட்பார்கள். சொத்துரிமை என்ற பெயரிலேயே ஒரு குடும்பத்தின் கழுத்தை நெரிக்கலாம்.

அந்தக் கோரிக்கை முழுமையாகச் சட்டமாக நெடுங்காலம் பிடித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரில் ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ ஒரு குழுவையோ சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புக்கு உள்ளாக்குவதும், உள்ளாக்குவேன் என்று மிரட்டுவதும் அந்தத் திருத்தத்தால் தனிக் குற்றமாயின.

ஊர்விலக்குக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, புகாரே தீர்ப்பு. இரண்டு, ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் காரியத்துக்குக் குடும்பமே தண்டனை அனுபவிக்கும். மூன்று, குற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத வாழ்வாதாரம் அறுக்கப்படும். கோயில் திருவிழாவில் தகராறு என்றால் குடிதண்ணீர் நிறுத்தப்படும். இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மற்ற சட்டங்களைப் பார்ப்போம்.

ரேகைச் சட்டம்

1871இல் வெள்ளைக்கார அரசு குற்றப் பழங்குடியினர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது திருத்தப்பட்டது. 1914 முதல் அன்றைய மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்கள் மேல் அது பாய்ந்தது. நம் பகுதியில் அதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். பிறந்த சாதியே குற்றத்துக்குச் சாட்சி. கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. அதன் மிச்சமாகத் தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன.

இந்தச் சாதியோடு நம் மக்களுக்குப் பல ஊர்களில் முரண் உண்டு. 1989 போடிக் கலவரத்தை நாம் மறக்கவில்லை. மறக்கவும் தேவையில்லை. ஆனாலும் ரேகைச் சட்டம் அநீதி என்று சொல்ல நமக்குத் தயக்கம் கிடையாது. தனி மனிதர் செய்த குற்றத்தை நிரூபிக்காமல் ஒரு கூட்டத்தையே தண்டிக்கும் முறை யார் மேல் பாய்ந்தாலும் தவறுதான். இன்று அவர்கள் மேல் பாய்வது நாளை நம் மேல் பாயும். அது எப்படிப் பாய்ந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

'வீடியோ திருடர்கள்'

எண்பதுகளில் நம் ஊர்களுக்குப் பாட்டு வந்த வழியை நினைத்துப் பாருங்கள். உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் போன்ற ஊர்களின் கடைத்தெருவில் வெற்றுக் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். கம்பெனிக் கேசட் வாங்க வசதியில்லாத கூலிக்காரர் வீட்டில் இளையராஜா பாட்டுக் கேட்டது அப்படித்தான். பிறகு சி.டி. வந்தது, அதன் பின்னால் திருட்டு வி.சி.டி.யும் வந்தது. பெரிய அளவில் படத்தைத் திருடி அச்சடித்து விற்றவர்களும் இருந்தார்கள், பேருந்து நிலையத்தில் துணி விரித்து வி.சி.டி. விற்ற பையன்களும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம் ஒன்று உண்டு. மக்கள் மொழியில் குண்டர் சட்டம். கள்ளச் சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர் என்ற அதன் பட்டியலில் 2004இல் ஒரு புதிய பெயரைச் சேர்த்தார்கள்: 'வீடியோ திருடர்கள்'. திரைப்படப் பதிப்புரிமையை மீறுவதாகச் சொல்லப்படுபவரை ஓராண்டு வரை வழக்கு விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையும் அவருக்குக் கிடையாது.

பதிப்புரிமைச் சட்டத்திலேயே திருட்டுப் பிரதிக்குச் சிறைத்தண்டனை இருக்கிறது. வழக்குப் போட்டு, சாட்சி சொல்லி, நிரூபித்து உள்ளே அனுப்பலாம். அது போதாது என்று தடுப்புக் காவலைக் கொண்டுவந்தார்கள். விசாரணை இல்லாத சிறைக்கு யார் எளிதில் போவார்கள்? வழக்கறிஞர் வைக்க முடியாதவர், ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாதவர். நாடு முழுவதும் சிறைகளில் பட்டியல் சாதியினரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிட அதிகம் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளே காட்டுகின்றன. குற்றத்தை நிரூபிக்கும் கடமையை அரசுக்குக் குறைத்துக் கொடுத்தால் அதன் பாரம் எந்தத் தெருவில் இறங்கும் என்று நமக்குத் தெரியும்.

பிரான்ஸ் நடத்திய சோதனை

பதிப்புரிமையின் பெயரால் வீட்டு இணைப்பையே அறுக்கும் யோசனையை முதலில் பெரிய அளவில் முயன்ற நாடுகளில் ஒன்று பிரான்ஸ். 2009 மே மாதம் அங்கே நாடாளுமன்றம் 'ஹடோபி' என்ற சட்டத்தை நிறைவேற்றியது. முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை, மூன்றாவது முறை துண்டிப்பு. துண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு அல்ல, அதற்கென அமைக்கப்பட்ட ஓர் ஆணையத்துக்கு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் தன் மேல் தவறில்லை என்று காட்ட வேண்டும்.

2009 ஜூன் 10 அன்று பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் அந்தப் பகுதியைச் செல்லாது என்று அறிவித்தது. இணையத்தை அணுகுவது இன்று பேச்சுரிமையின் ஒரு பகுதி, அதைப் பறிக்கும் அதிகாரத்தை நீதிபதி அல்லாத ஓர் அமைப்பிடம் கொடுக்க முடியாது என்றது. நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் நிரபராதி என்ற கொள்கைக்கும் அது விரோதம் என்றது. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி தந்த மனித உரிமைப் பிரகடனத்தை வைத்து இதைச் சொன்னது.

அரசு விடவில்லை. நீதிபதி வழியாகத் துண்டிக்கலாம் என்று சட்டத்தை மாற்றி மறுபடியும் நிறைவேற்றியது. நடைமுறையில் என்ன ஆனது? 2012இல் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டவர் ஒரு கைவினைத் தொழிலாளி. பாட்டை இறக்கியது அவர் அல்ல, பிரிந்து போய்க்கொண்டிருந்த அவர் மனைவி. நான்தான் இறக்கினேன் என்று மனைவியே ஒப்புக்கொண்டார். இருந்தும் இணைப்பு கணவர் பெயரில் இருந்ததால், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அவருக்கு 150 யூரோ அபராதம். 2013இல் ஒருவருக்கு 15 நாள் துண்டிப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில், அந்த ஆண்டு ஜூலையிலேயே, துண்டிப்புத் தண்டனையை அரசு தானே கைவிட்டது. இத்தனை ஆண்டு வாதப்பிரதிவாதத்துக்குப் பிறகு கிடைத்த பலன் அவ்வளவுதான்.

நியூசிலாந்திலும் இதே கதை. அங்கே 2008இல் வந்த திருத்தச் சட்டத்தின் 92ஏ பிரிவு, திரும்பத் திரும்ப மீறுபவர்களின் கணக்கை நிறுத்த இணையச் சேவை நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. கலைஞர்களும் இணையப் பயனர்களும் 2009 பிப்ரவரியில் தங்கள் பக்கங்களைக் கறுப்பாக்கி எதிர்த்தார்கள். அரசு அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்தாமலே பின்வாங்கியது. அந்த எதிர்ப்பில் கலைஞர்களும் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எங்களைக் காப்பாற்றுவதற்கு என்று சொல்லி இதைச் செய்யாதீர்கள்' என்றார்கள்.

2011இல் ஐ.நா.வின் கருத்துரிமைச் சிறப்பு அறிக்கையாளர் ஃபிராங்க் லா ரூ மனித உரிமை மன்றத்துக்கு அளித்த அறிக்கை இதை உலக அளவில் உறுதி செய்தது. பதிப்புரிமை மீறல் உள்பட எந்தக் காரணத்துக்காகவும் மக்களின் இணைய இணைப்பை அறுப்பது அளவுக்கு மீறிய தண்டனை, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கைக்கு எதிரானது என்றார் அவர்.

சென்னையில் 'அசோக் குமார்'

உலகம் இப்படிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வேறொரு பாதை திறந்தது. யாரென்று தெரியாத எதிரியின் மேல் வழக்குப் போடும் முறை ஒன்று உண்டு. ஆங்கில நாடுகளில் அந்தக் கற்பனை எதிரிக்கு ஜான் டோ என்று பெயர். இந்தியாவில் அவருக்கு அசோக் குமார் என்று பெயர் வைத்தார்கள். படம் வெளியாகும் முன்பே தயாரிப்பாளர் நீதிமன்றம் போவார். 'பெயர் தெரியாத அசோக் குமார்கள் என் படத்தைத் திருடப்போகிறார்கள், தடை கொடுங்கள்' என்பார். எதிர்த்தரப்பில் யாரும் இருக்க முடியாது. யாரென்றே தெரியாதவர் எப்படி வந்து வாதாடுவார்? ஒருதரப்பு வாதத்தைக் கேட்டு இடைக்கால உத்தரவு வரும்.

2012இல் '3' படத்துக்கும் தெலுங்கு 'தம்மு' படத்துக்கும் அப்படி உத்தரவு வாங்கப்பட்டது. அதைக் காட்டிக் கடிதம் போனதும் இணையச் சேவை நிறுவனங்கள் அந்த ஆண்டு மே மாதம் தளங்களை மொத்தமாக முடக்கின. திருட்டுப் படம் கிடைக்கும் தளங்கள் மட்டுமல்ல, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற பொதுத் தளங்களும் பல நிறுவனங்களின் இணைப்பில் காணாமல் போயின. விமியோ என்பது மாணவர்களும் குறும்பட இயக்குநர்களும் சொந்தப் படங்களை ஏற்றும் இடம். யாரோ ஒருவர் '3' படத்தைத் திருடக்கூடும் என்பதற்காக அவர்கள் எல்லோருடைய படமும் மறைந்தது. அதே '3' படத்தின் கொலவெறிப் பாட்டு அதற்கு ஆறு மாதம் முன்புதான் யூடியூபில் இலவசமாகப் பகிரப்பட்டே உலகம் சுற்றியிருந்தது.

ஜூன் 9 அன்று பல நகரங்களில் இளைஞர்கள் முகமூடி அணிந்து தெருவில் இறங்கினார்கள். இணையச் சேவை நிறுவனங்களின் தரப்பும் நீதிமன்றம் போனது. அந்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்தியது: முழுத் தளத்தையும் முடக்கக் கூடாது, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட இணைய முகவரியை மட்டும் முடக்கலாம்.

பாடம் நின்றதா? 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய உத்தரவுகளின்படி இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தளங்களைத் தொலைத்தொடர்புத் துறை முடக்கச் சொன்னது. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகமும் இருந்தது. பழைய புத்தகங்களும், பத்திரிகைகளும், அழிந்துபோன இணையப் பக்கங்களின் பிரதிகளும் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் அது. எங்கோ ஒரு படத்தின் பிரதி இருக்கலாம் என்ற சந்தேகத்தில் நூலகத்துக்கே பூட்டு. நூலகத்தாருக்கு முன்னறிவிப்புகூட இல்லை.

ஊர்விலக்கின் மூன்று அடையாளங்களையும் இங்கே பொருத்திப் பாருங்கள். புகாரே தீர்ப்பு. ஒருவருக்காக எல்லோருக்கும் தண்டனை. படத்துக்குச் சம்பந்தமே இல்லாத அறிவுக் களஞ்சியம் பறிப்பு. மூன்றும் இருக்கின்றன.

நான்கு ஆண்டு மூடிக்கிடந்த ஜெராக்ஸ்

முதலில் தடை, பிறகு விசாரணை என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை டெல்லிப் பல்கலைக்கழக வழக்கு காட்டியது. அங்கே ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை, பாடத்துக்குத் தேவையான பக்கங்களைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. அந்த ஆண்டு அக்டோபரிலேயே இடைக்காலத் தடை வந்துவிட்டது. கல்விக்காக நகலெடுப்பது சட்டம் அனுமதிக்கும் உரிமை, இது மீறலே அல்ல என்று உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது 2016 செப்டம்பரில். மேல்முறையீட்டில் டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் கல்விக்கான அந்த உரிமையை உறுதி செய்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஆனால் தடை வந்த நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையில் நான்கு ஆண்டுகள். 2012இல் முதுகலை சேர்ந்த மாணவர் படித்து முடித்தே போய்விட்டார். அவருடைய உரிமை நிரூபிக்கப்பட்டபோது அவர் வகுப்பில் இல்லை. அந்தத் தொகுப்புகள் இல்லாமல் அதிகம் தவித்தது யார்? ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஆங்கிலப் புத்தகத்தை வாங்க முடியாதவர், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர்.

ஒரு வீடு, ஒரு போன்

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். விடியும் முன்பே ஜீப் பிடித்துக் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களின் வீடுகளில் பெரும்பாலும் இணையம் என்பது ஒரே ஒரு செல்போன்தான். அந்த ஒரு போனில்தான் எல்லாமே. அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பம், கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் எல்லாம் இணையத்தில். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவே 2023 முதல் செயலி வழியாகத்தான். கொரோனா காலத்தில் மூன்று பிள்ளைகள் அந்த ஒரு போனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பாடம் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதிலிருந்தே ஹாட்ஸ்பாட் போகும்.

இந்த வீட்டுக்குப் பிரான்ஸ் பாணிச் சட்டம் வந்தால் என்ன ஆகும்? தம்பி டெலிகிராமில் புதுப்படம் இறக்கினான் என்று புகார். இணைப்பு அம்மா பெயரில். துண்டிக்கப்படுவது அக்காவின் தேர்வு விண்ணப்பம். வசதியான வீட்டில் ஆளுக்கொரு எண், வீட்டுக்குக் கம்பி இணைப்பு வேறு, ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். ஒரே சட்டம், ஒரே புகார், ஆனால் ஒரு வீட்டில் தொந்தரவு, இன்னொரு வீட்டில் படிப்பே நிற்கும். பொதுக் கிணற்றை மூடினால் வீட்டுக்குள் கிணறு வைத்திருப்பவருக்குத் தாகம் எடுக்காது.

இதை நம் பக்கத்து மாநில நீதிமன்றமே புரிந்துகொண்டிருக்கிறது. கல்லூரி விடுதியில் மாணவிகளின் செல்போனுக்குக் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்த ஃபஹீமா ஷிரின் வழக்கில், 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. 2020 ஜனவரியில் காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டவை, கட்டுப்பாடு அளவோடு இருக்க வேண்டும், உத்தரவை வெளியிட வேண்டும் என்றது.

இந்தத் தீர்ப்புகளுக்கு முன்பும் பின்பும் அறுக்கும் கை நிற்கவில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்த மக்களைச் சுட்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். 2021இல் ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்க என்று சொல்லிப் பல மாவட்டங்களில் மொபைல் இணையத்தையே நிறுத்தினார்கள். சிலர் வினாத்தாள் திருடக்கூடும் என்பதற்காக மாவட்டத்துக்கே தண்டனை. வினாத்தாளுக்குச் செய்தவர்கள் நாளை சினிமாவுக்குச் செய்யத் தயங்குவார்கள் என்று நம்ப நமக்குக் காரணம் இல்லை.

பண்ணைப்புரத்திலிருந்து ஒரு கேள்வி

'அப்படியானால் கலைஞரின் உழைப்பைத் திருடலாமா?' என்று நியாயமாகவே கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க நம்மால் முடியாது. பண்ணைப்புரம் நம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அங்கே பிறந்த இளையராஜா தன் பாட்டுகளின் உரிமைக்காகப் பல ஆண்டுகளாக நீதிமன்றப் படியேறி வருகிறார். பறை முதல் பாட்டு வரை நம் மக்களின் கலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் போனவர்களின் கதை நமக்கு நன்றாகவே தெரியும். உழைத்தவருக்குக் கூலி வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் அவர் யாரோடு வழக்காடினார்? இசை வெளியீட்டு நிறுவனங்களோடு. இந்தியத் திரை இசையில் கலைஞரின் பங்கை நெடுங்காலம் விழுங்கியது உரிமையை மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தமே, ஓசியில் பாட்டுக் கேட்ட கூலிக்காரர் அல்ல. 2012 மே மாதம் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை எந்த ஒப்பந்தத்தாலும் எழுதி வாங்கிவிட முடியாது என்றது. சென்னை உத்தரவைக் காட்டி விமியோவை முடக்கிய அதே மாதம் அது. கலைஞரைக் காக்கும் வழியும் கம்பெனியைக் காக்கும் வழியும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே திருத்தத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, உரிமையாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால் இணைய நிறுவனம் அந்தப் பிரதியை மட்டும் 21 நாள் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வரவில்லை என்றால் தடையைத் தொடர வேண்டியதில்லை. நிறுத்தப்படுவது பிரதி, மனிதரின் இணைப்பு அல்ல. கடைசி வார்த்தை நீதிபதியுடையது. குறைகள் இருந்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அதற்குப் பிறகு காற்று மாறித் திரும்பியிருக்கிறது. 2023இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்திப் படத் திருட்டுக்குக் குறைந்தது மூன்று மாதச் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம் என்று வைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஒன்றிய அரசு அதற்கென அதிகாரிகளை நியமித்தது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையத்திலிருந்து நீக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு. நீதிபதியின் இடத்தில் அதிகாரி வந்தாயிற்று. பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் எதைத் தவறு என்றதோ அந்தத் திசையில் இது ஒரு படி.

நம் இயக்க வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா மெட்டில் புதிய சொல் போட்டுப் பாடுவது மேடைப் பாட்டுக்காரர்களின் பழைய வழக்கம். ஏப்ரல் 14 ஊர்வலத்தைப் படம் பிடித்தால் பின்னணியில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு ஒலிக்கத்தான் செய்யும். 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமைப் புகார் நின்றுவிட்டால் யூடியூப் ஒரு சேனலையே நீக்கிவிடும். வன்கொடுமையை அம்பலப்படுத்தும் சேனலை மூட நினைப்பவருக்கு இது எவ்வளவு எளிய வழி என்று யோசியுங்கள். தனியார் நிறுவனத்தின் விதியே இப்படியென்றால், அதே 'மூன்று புகார்' முறை சட்டமாகி வீட்டு இணைப்பையும் தொட்டால் என்ன ஆகும்?

நாம் கேட்பது

ஒன்று, எந்தச் சட்டமும் தண்டனையாக ஒருவரின் இணைய இணைப்பை அறுக்கக் கூடாது. மீறல் நிரூபிக்கப்பட்டால் அந்தப் பிரதியை நீக்கட்டும், நஷ்ட ஈடு வாங்கட்டும். கடையில் திருடியவரைத் தண்டிக்கலாம், அவர் வீட்டுக்குப் போகும் பாதையைத் தோண்டிப்போட முடியாது.

இரண்டு, முடக்கும் உத்தரவு நீதிமன்றத்திடமிருந்து மட்டும் வர வேண்டும். குறிப்பிட்ட முகவரியோடும் காலக் கெடுவோடும் அது இருக்க வேண்டும், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். அசோக் குமார் சார்பில் பேச நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை நியமிக்க வேண்டும்.

மூன்று, குண்டர் சட்டத்தின் பட்டியலிலிருந்து 'வீடியோ திருடர்கள்' நீங்க வேண்டும். வழக்குப் போட்டு நிரூபிக்கட்டும்.

நான்கு, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பார்வையற்றோர் வாசிப்புக்கும் பதிப்புரிமைச் சட்டம் கொடுத்திருக்கும் விலக்குகளை மாணவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் யாராவது 'நகலெடுப்பதே குற்றம்' என்றால் ராமேஸ்வரி தீர்ப்பை எடுத்துக் காட்டுங்கள். அம்பேத்கரின் வாழ்நாளில் வெளியான அவருடைய எழுத்துகள் 2017 ஜனவரி 1 முதல் பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுச் சொத்தாகிவிட்டன. அவற்றின் மூலத்தை நகலெடுக்கவும், வாசிக்கவும், தமிழாக்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

1927இல் மகத் சவதார் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது அந்தக் குளம் சட்டப்படி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதாகவே இருந்தது. நகராட்சித் தீர்மானம் இருந்தது. ஆனால் போகத்தான் விடவில்லை. போராட்டத்துக்குப் பிறகு அது எங்கள் சொத்து என்று ஆதிக்கச் சாதியினர் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார்கள். அந்த வழக்கு நடந்து முடிந்து, குளம் தனியார் சொத்து அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது 1937இல். பத்து ஆண்டு. இணையத்தின் மேல் அப்படியொரு தடை எழுதப்படும் முன்பே எதிர்த்து நிற்பது அதைவிடக் குறைந்த வேலை. இப்போதே செய்வோம் தோழர்களே.

ஜெய் பீம்.